திறப்புத் துலைஞ்ச பழைய கார்: பூட்டை உடைக்க முன்னம் கேளுங்கோ

கிளிநொச்சிப் பக்கம் முப்பது வருசமாப் பழைய கார் திருத்திறன். திறப்பில்லாமல் நிக்கிற கார்களைப் பற்றிக் கேட்கச் சொன்னன். வந்த கேள்விகளும் என்ர பதிலும் இது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, அப்பாவின்ர மொறிஸ் மைனர். இடம்பெயர்ந்த நேரம் திறப்புத் துலைஞ்சு போச்சு. பூட்டை ட்ரில் பண்ணி எடுக்கச் சொல்லினம். செய்யலாமோ?

வேண்டாம் தம்பி. முதல்ல பூட்டின்ர முகத்தைப் பாருங்கோ. பழைய துணியில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, திறப்பு ஓட்டையைச் சுத்தி அழுக்குப் போகத் துடையுங்கோ. காய்ஞ்ச பிறகு வெள்ளைச் சோக்கை அதுக்கு மேல தேய்ச்சு, விரலால மெல்லத் துடைச்சுவிடுங்கோ. பள்ளத்துக்குள்ள சோக்கு நிண்டு, பூட்டில அடிச்சிருக்கிற திறப்பு எண்ணைக் காட்டும். ரோச் லைற்றைச் சரிச்சுப் பிடிச்சால் இன்னும் வடிவாத் தெரியும். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில எஃப்.ஏ. 501 முதல் 625, எஃப்.எஸ். 876 முதல் 955, எம்.ஆர்.என். 1 முதல் 50 எண்டு திறப்பு வரிசைகள் இருந்தது. எண் கிடைச்சால் அதே வெட்டில திறப்புச் செய்விக்கலாம். பூட்டில கை வைக்கத் தேவையே இல்லை. அப்பா கை வைச்ச பூட்டு அது. கடைசி வழியாத்தான் உடைக்கிறதை நினைக்கவேணும்.

மாங்குளத்திலிருந்து: எண் தேய்ஞ்சு போச்சு. திறப்புப் போடுற சுவிச்சையே மாத்தப் போறன். வயர் நிறத்தைப் பார்த்துப் பூட்டினால் போதுமோ?

இங்கிலாந்துக் கார்களுக்கு மின் சாமான் செய்த லூகாஸ் கொம்பனியின்ர வயரிங்கில மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரா வாறது, எப்பவும் மின் இருக்கும். வெள்ளை இக்னிசன். திறப்பாலயே ஸ்ராட் பண்ணுற கார் எண்டால் வெள்ளையில சிவப்புக் கோடு ஸ்ராட்டருக்குப் போகும். இது புத்தகக் கணக்கு. எங்கட பக்கத்துக் கார்களில கிடைச்ச வயரைப் போட்டுத்தானே ஓடினது. ஒரே நிறத்தில அஞ்சு வயரும் இருந்த காரை நான் திருத்தியிருக்கிறன். அதால நிறத்தை நம்பாமல், 12 வோல்ற் பல்ப்பில ரண்டு வயர் கட்டி, ஒண்டைக் காரின்ர இரும்பில பிடிச்சு, மற்றதால ஒவ்வொரு வயராத் தொட்டுப் பாருங்கோ; பல்ப் எரிஞ்சால் அதில மின் இருக்கு. பிறகு பற்றரியின்ர ஏர்த் வயரைக் கழற்றிப்போட்டு, ஒவ்வொரு வயருக்கும் துண்டுக் கடதாசி கட்டி, முன் வளையத்தைத் திருகி எடுங்கோ. சுவிச் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால கழன்று வரும். ஒண்டு கவனம்: டைனமோ வைச்ச பழைய கார்களில கனக்க பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின்ர பொசிற்றிவ் முனைதான் காரின்ர இரும்பில பூட்டியிருக்கும். நெகற்றிவ்தான் ஏர்த் எண்டு கண்ணை மூடிக்கொண்டு கழற்றாதேங்கோ.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு ஐயா: பொருளாதாரத் தடைக் காலத்தில, மண்ணெண்ணெயில ஓடேக்க, திறப்புக்குப் பதிலா வீட்டு லைற் சுவிச் ஒண்டு பூட்டினது. இண்டைக்கும் அதுதான். விடலாமோ?

ஐயா, அந்தச் சுவிச்சாலதான் எத்தினை நோயாளியளை ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருப்பியள். ஆனால் இப்ப மாத்துங்கோ. எஞ்சின் நிண்டாப் பிறகு சுவிச்சை நிப்பாட்ட மறந்தால், டிஸ்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பொயின்ற் மூடின இடத்தில நிக்கேக்க, பிளக்குக்குப் பொறி குடுக்கிற கொயிலுக்குள்ள மின் ஓடிக்கொண்டே இருக்கும். கொயில் கொதிக்கும், பொயின்ற் கருகும். திறப்பெண்டால் கழற்றிச் சேட்டுப் பையில வைக்கிற பழக்கம் ஞாபகப்படுத்தும். பேரப்பிள்ளையளின்ர கைக்கும் அந்தச் சுவிச் எட்டும்.

வவுனியாவிலிருந்து: 80களின்ர கொரோலா. ஸ்டியரிங்கும் பூட்டுப்பட்டு நிக்குது. பலமாத் திருப்பினால் உடையுமெண்டு ஒருத்தர் சொன்னார்.

உடையும்தான். பூட்டு முளையின்ர மிச்சம் உள்ளுக்கு நிண்டு, ஓடேக்க விழுந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சால் உயிர் போகும். செய்யாதேங்கோ. பயணிப் பக்கக் கதவுப் பூட்டைக் கழற்றிப் பாருங்கோ. ரொயோட்டாவில சிலவேளை திறப்பு எண் அதில அடிச்சிருக்கும். இல்லையெண்டாலும் திறப்பு வெட்டுறவர் அந்தப் பூட்டைப் பார்த்தே திறப்புச் செய்வார். அதுவும் சரிவராட்டில்தான் முழுப் பூட்டையும் மாத்திறது. பிடிச்சிருக்கிற போல்ற்றுக்குத் தலை இராது. இறுக்கேக்க முறிஞ்சு போகவெண்டே செய்தது. நடுவில புள்ளி குத்தி, சின்ன ஓட்டை போட்டு, எதிர்ப்பக்கம் சுத்துற எக்ஸ்ராக்டரால எடுக்கவேணும். புதுப் பூட்டுக்கும் அதே மாதிரிப் போல்ற்றைத்தான் போடவேணும்.

முல்லைத்தீவிலிருந்து: திறப்பும் இல்லை, பதிவுப் புத்தகமும் இல்லை. மலிவா ஒரு ஒஸ்ரின் வருது. வாங்கலாமோ?

புத்தகத்தைக் காணாமல் நான் பூட்டில கை வைக்கிறதில்லை. 2009இல எத்தினையோ குடும்பம் காரை அப்படியே விட்டிட்டு நடந்தது. அந்தக் காருக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கலாம். முதல்ல அவரைத் தேடுங்கோ.

பரந்தனிலிருந்து ஒரு அக்கா: புதுத் திறப்பு இறுகுது. எண்ணெய் விடலாமோ?

எஞ்சின் ஒயில் விடாதேங்கோ அக்கா. எங்கட புழுதி அதில ஒட்டிக் களியாப் போகும். பென்சில் கரியைச் சுரண்டித் திறப்பில பூசி, பத்துத்தரம் போட்டு எடுங்கோ.

ஒட்டுசுட்டான் தம்பி திரும்பவும்: அண்ணை, சோக்குத் தேய்ச்சன்! எஃப்.ஏ. 57 வரைக்கும் தெரியுது. கடைசி இலக்கம் அழிஞ்சு போச்சு.

அப்ப 570இலிருந்து 579க்குள்ள ஒண்டு. பத்தே பத்துத் திறப்புத்தான் தம்பி. ஒவ்வொண்டா வெட்டிப் பாருங்கோ. பூட்டை மட்டும் தொடாதேங்கோ.