நார்ஃபோக்ல கேமராவோட சுத்துற பொண்ணோட அப்பாவுக்கு

சார், உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். லோன் போட்டு இங்கிலாந்துல நார்ஃபோக்ல இருக்கற நார்விச்ல எம்.எஸ்சி. என்விரான்மென்டல் சயின்ஸ் படிக்க அனுப்பினா, லீவு நாள் வந்தா பஸ் புடிச்சு பறவை, வயக்காடு, பழைய சர்ச்னு கேமராவும் கையுமா போயிடறா, இப்ப இதையே தொழிலா பண்றேங்கிறா, படிப்பு போச்சான்னு கேக்கறீங்க. அதெல்லாம் போகல சார். ஆனா அவ நெனைக்கற மாதிரி பறவை போட்டோல சோறு வராது, நீங்க நெனைக்கற மாதிரி எல்லாமே வெட்டி வேலையும் இல்ல.

மொதல்ல விசா, ஏன்னா இதுலதான் நெறைய புள்ளைங்க தெரியாம மாட்டிக்குது. ஸ்டூடன்ட் விசால இருக்கறவரைக்கும் சுயதொழில் கூடாது. ஸ்டாக் சைட்னு போட்டோ விக்கற வெப்சைட்ல படம் விக்கறது, பிரிண்ட் விக்கறது, தெரிஞ்சவங்க கல்யாணத்துக்கு காசு வாங்கிட்டு எடுக்கறது, எதுவும் வேணாம்னு சொல்லிடுங்க. ஒரு கம்பெனில சம்பளத்துக்கு, டேர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரத்துக்குள்ள வேலை பாத்தா தப்பில்ல. கோர்ஸ் முடிச்சு கிராஜுவேட் விசாக்கு மாறினா ஃப்ரீலான்ஸ் பண்ணலாம். அந்த விசா 2026 டிசம்பர் 31 வரைக்கும் அப்ளை பண்றவங்களுக்கு 2 வருஷம், 2027 ஜனவரி 1லேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான், அதனால அவ கோர்ஸ் முடியற தேதியையும் இதையும் சேத்து வெச்சு பாருங்க. சந்தேகம் இருந்தா யுனிவர்சிட்டிலயே இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் அட்வைசர் இருப்பாங்க, ஏஜென்ட்ட கேக்காதீங்க.

சரி, பறவை. அவ போயிருக்கறது சும்மா ஊர் இல்ல சார், இங்கிலாந்துல வைல்ட்லைஃப் எடுக்க நார்ஃபோக் மாதிரி அமையறது கஷ்டம். ஸ்னெட்டிஷம்னு ஒரு எடம், பெரிய ஹை டைட் அன்னிக்கு கடல் தண்ணி ஏறி சேத்துத் திட்டெல்லாம் முங்கிடும், நாட்ங்கற குட்டிப் பறவைங்க ஆயிரக்கணக்குல ஒரே நேரத்துல எழும்பும், பாத்தா வானத்துல புகை நெளியற மாதிரி இருக்கும். பிளேக்னி பாயின்ட்ல குளிர்காலத்துல சீல் குட்டி போடும். ஆனா பாருங்க, இதே படத்துக்கு கடல் ஏறி எறங்கற நேரம் போட்ட இதே டைட் டேபிளை பாத்துட்டு ஊர்ல பாதி பேர் பெரிய லென்ஸோட வந்து நிப்பாங்க, அதுல ரிட்டையர் ஆனவங்க நெறைய, அவங்க படத்தை சும்மாவே குடுப்பாங்க. சும்மா கெடைக்கற படத்துக்கு யார் காசு குடுப்பா? அதனால பறவை பேர் வாங்கித் தரும், வாடகை கட்டாது.

இன்னொன்னு, சட்டம். 1981ல வந்த வைல்ட்லைஃப் சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு, கூகை, பெரிக்ரின் வல்லூறு, மார்ஷ் ஹாரியர் எல்லாம் அதுல வரும். இதுங்க கூட்டுக்கிட்ட போய் தொந்தரவு பண்ணினா கிரிமினல் கேஸ், ஜெயில் வரைக்கும் போகலாம். கூட்டுல வெச்சு எடுக்கணும்னா லைசென்ஸ் வேணும். விசால இருக்கற புள்ளைக்கு இந்த மாதிரி ஒரு கேஸ் எதுக்கு?

இப்ப காசு இருக்கற எடத்துக்கு வரேன், கட்டடம். நார்ஃபோக்ல 600க்கும் மேல மெடீவல், அதாவது இடைக்கால, சர்ச் இருக்கு, அதுல வட்ட கோபுரம் வெச்சதே 100க்கு மேல. நார்விச் கத்தீட்ரல் 1096ல ஆரம்பிச்சது, ஸ்பையர்ங்கற கூர்கோபுரம் 315 அடி. இந்த மாதிரி லிஸ்டட் கட்டடத்துல, அதாவது பாதுகாக்கணும்னு பட்டியல்ல இருக்கற கட்டடத்துல, எதையாவது மாத்தணும்னா, உள்ளூர் கவுன்சில் பல சமயம் மொதல்ல முழுசா படம் எடுத்து ரெக்கார்ட் பண்ணிக் குடுன்னு கண்டிஷன் போடும். ஹிஸ்டாரிக் இங்கிலாந்துங்கற பாரம்பரியக் கட்டட அமைப்பு, எவ்வளவு விவரமா ரெக்கார்ட் பண்ணணும்னு அதுக்கு 4 லெவல் வெச்சிருக்கு. இது அழகுப் படம் கிடையாது. செவப்பு வெள்ளை அடிச்ச ஸ்கேல் கம்பை செவுத்துல சாத்தி வெச்சு, கேமராவை நேரா நிறுத்தி, கோடு சாயாம ஒவ்வொரு பக்கமும் எடுக்கணும், அப்புறம் ஜன்னல், உத்திரம், கதவுக் கீல்னு கிட்டக்க போகணும், எந்த படம் எங்க நின்னு எடுத்ததுன்னு பிளான்ல அம்புக்குறி போட்டு நம்பர் குடுக்கணும். போரிங்தான். ஆனா ரிட்டையர் ஆன மாமா இதை சும்மா வந்து பண்ண மாட்டார், இதுக்கு பில் போடலாம்.

அந்த ஊர் சர்ச் பெரும்பாலும் ஃப்ளின்ட் கல்லு, ஒடச்ச மொகம் கருப்பா கண்ணாடி மாதிரி இருக்கும். நேர் வெயில்ல எடுத்தா தட்டையா செத்துப் போயிடும், டிசம்பர்ல சூரியன் தாழ்வா பக்கவாட்டுல வரும்போது ஒவ்வொரு கல்லும் தனியா எழுந்து நிக்கும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கணும். உங்க பொண்ணுக்கு இது ஏற்கனவே கண்ணுல பட்டிருந்தா நல்ல சகுனம்னு எடுத்துக்கங்க. பொது ரோட்டுல நின்னு கட்டடத்தை எடுக்கறதுக்கு தடை இல்ல, ஆனா பழைய மாளிகை, எடமெல்லாம் பராமரிக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அறக்கட்டளையோட எடத்துக்குள்ள எடுத்து விக்கணும்னா அவங்க பர்மிஷன் வேணும், பிளிக்ளிங் ஹால் மாதிரி எடமெல்லாம் அவங்களோடது.

இதோட அவ படிப்பு எங்க சேருதுன்னா, 2024 பிப்ரவரிலேர்ந்து அங்க பெரிய கட்டுமான புராஜெக்ட்னா இயற்கைக்கு 10 சதவீதமாவது கூடுதலா திருப்பிக் குடுக்கணும்னு சட்டம், அதுக்கு சர்வே எடுக்க ஈகாலஜி கம்பெனிங்களுக்கு ஆள் வேணும். செடி, வௌவால், பறவை அடையாளம் தெரிஞ்ச பொண்ணு, கேமராவும் ஒழுங்கா புடிப்பா, ரிப்போர்ட்டும் எழுதுவான்னா அவ வெறும் போட்டோகிராஃபர் இல்ல. கிராஜுவேட் விசா முடிஞ்சப்புறம் அங்கயே இருக்கணும்னா, வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க ஸ்பான்சர் லைசென்ஸ் வெச்ச கம்பெனி வேணும், ஃப்ரீலான்ஸரா இருந்தா யார் ஸ்பான்சர் பண்ணுவா? அதனால சம்பள வேலை ஈகாலஜில, கேமரா அதுக்குள்ள ஒரு பலம், வீக்கெண்ட் பறவை அவ சந்தோஷத்துக்கு, அதை நிறுத்தச் சொல்லாதீங்க.

புது லென்ஸுக்கு பணம் கேட்டா இப்போதைக்கு அனுப்ப வேணாம், இருக்கறதே போதும். அதுக்குப் பதிலா ஒரே ஒரு சர்ச் கட்டடத்தை நான் சொன்ன மாதிரி ஸ்கேல், பிளான், நம்பரோட முழுசா ரெக்கார்ட் பண்ணி ஒரு பி.டி.எஃப். ஆக்கச் சொல்லுங்க, காசுக்கு இல்ல, பழகறதுக்கு. முடிச்சதும் எனக்கு அனுப்புங்க, எந்த மாதிரி கம்பெனிக்கு சிவி போடலாம்னு அதை பாத்துட்டு சொல்றேன்.