வெளிறிய பவளத்துக்கு எந்த மருந்தை ஊற்றுவது?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், முற்றத்தை ஒட்டி, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்றை என் மகன் தை மாதம் வைத்துக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிவிட்டான். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மான்கொம்பு போலக் கிளைத்த பவளம் ஒன்று சித்திரை பிறந்ததும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. காளான் போல மெத்தென்று இருக்கும் இன்னொன்று ஒரு வாரமாகச் சுருங்கிக் கிடக்கிறது. மீன்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வற்றுகிறது. முன்பு ஆர்.ஓ. நீரை ஊற்றி வந்தேன். 'கடல் உயிருக்கு நல்ல தண்ணீர் ஆகாது' என்று கடைக்காரர் சொன்னதால், ஒரு வாரமாக மகன் வைத்துவிட்டுப் போன உப்பை, கோடைமழையில் பித்தளை அண்டாவில் பிடித்த நீரில் கரைத்து ஊற்றுகிறேன். கடைக்காரர் பெயர் எதுவும் அச்சிடாத நீலநிற மருந்து ஒன்றையும் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதை எவ்வளவு ஊற்ற வேண்டும்? உப்பு தீர்ந்தால் கல்லுப்பு போடலாமா?

பதில்: ஆச்சி, அந்த நீலநிறப் புட்டியைத் திறக்காமல் எடுத்து வையுங்கள். பெயரும் சேர்மானமும் அச்சிடப்படாத நீல மருந்து மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கான செம்புக் கரைசலாக இருக்கக்கூடும். மீன் தாங்கிக்கொள்ளும் அளவுச் செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். உங்கள் தொட்டிக்கு இப்போது எந்த மருந்தும் வேண்டியதில்லை. ஊற்றிக்கொண்டிருப்பவற்றில் இரண்டை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது, வற்றிய நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றுவது. தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. குழம்பு சுண்டினால் கரிப்பதும் இதனால்தான்; சுண்டிய குழம்பில் யாரும் மறுபடி உப்புப் போடுவதில்லை. உங்கள் தொட்டியில் மணலும் பாறையும் போக ஏறத்தாழ 150 லிட்டர் நீர் இருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கணக்கு. அந்த அளவில் கரைத்து நாளுக்கு நான்கு லிட்டர் ஊற்றினால் 140 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்கிறது. ஒரு வாரத்தில் அது ஒரு கிலோவை நெருங்கிவிடுகிறது. இப்போது உங்கள் தொட்டியில் லிட்டருக்கு 41 அல்லது 42 கிராம் உப்பு இருக்க வேண்டும். மெத்தென்ற பவளம் சரியாக ஒரு வாரமாகச் சுருங்கிக் கிடப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரரின் அறிவுரைக்கும் வயது அதே ஒரு வாரம்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பொறுமையாகப் படியுங்கள். தானாக வற்றிய நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் நீங்கள் கையால் வெளியே எடுத்த நீருக்கு, அதாவது அடிமணலைச் சுத்தம் செய்யக் குழாய் வைத்து உறிஞ்சியது, அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவியின் கோப்பையில் சேர்ந்த பழுப்பு நீரைக் கொட்டியது, வடிகட்டித் துணியைப் பிழிந்தது, தரையில் சிந்தியது ஆகிய எல்லாவற்றுக்கும், உப்புநீரைத்தான் ஊற்ற வேண்டும். அவற்றோடு உப்பும் வெளியேறிவிட்டது அல்லவா? இந்த விதிவிலக்குக்குள்ளும் ஒரு விதிவிலக்காக, அடுத்த ஒரு வாரம் மட்டும், நாள்தோறும் நான்கு லிட்டர் தொட்டி நீரை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் வற்றிய இடத்தையும் சேர்த்து ஆர்.ஓ. நீராலேயே நிரப்புங்கள். இப்படிச் செய்தால் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வீதம் உப்பு ஒவ்வொரு நாளும் இறங்கும். ஒரே நாளில் இறக்கிவிடலாம் என்று பாதித் தொட்டியை மாற்றிவிடாதீர்கள். உப்பு திடீரென்று ஏறுவதைப் போலவே திடீரென்று இறங்குவதும் கேடுதான். அளவு 35-க்கு வந்ததும் முன்சொன்ன விதிக்குத் திரும்பிவிட வேண்டும். தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் எவ்வளவு வற்றியது, எவ்வளவு எடுத்தோம் என்ற குழப்பம் வராது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி ஒன்றை மகனிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சொட்டு நீரை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் எண் தெரியும். பால்மானியைப் போல நீரில் அமிழ்த்தும், முள் ஆடும் மலிவான பிளாஸ்டிக் மானியை நம்ப வேண்டாம். முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு தவறிவிடும்.

இரண்டாவது, அண்டா நீர். மழைநீரைப் போலத் தூய நீர் வேறில்லை என்பது நம் பக்கத்து நம்பிக்கை. குடிப்பதற்கு அது சரிதான். ஆனால் மழைநீர் சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதில் உப்புகளும் கிடையாது. ஆகவே உலோகத்தை எளிதாகக் கரைக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளி போட்டுப் பளபளவென்று விளக்கிய அண்டாவில் புதிய உலோகம் வெளியே தெரியும் பரப்பில் அந்த நீர் இரவும் பகலும் நின்றால், மனிதருக்குத் தீங்கில்லாத, பவளத்துக்கு நஞ்சான அளவுக்குச் செம்பு இறங்கிவிடும். நீலப் புட்டியைத் திறக்காமலே அதன் வேலையில் ஒரு பங்கை அண்டா செய்திருக்கக்கூடும். கடல்தொட்டிக்கான நீரைப் பிளாஸ்டிக் வாளியில் மட்டுமே வையுங்கள். செம்பை உறிஞ்சும் வடிகட்டிப் பஞ்சு ஒன்றும், புதிய கரித்தூள் பையும் வடிகட்டியில் போட்டுவையுங்கள். பாறைகள் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக வெளிவிடும் என்பதால் இரண்டு மாதங்களாவது அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். காரைக்குடிச் சம்பை ஊற்று நீரைக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பீர்கள். நாவுக்கு இனிக்கும் நீரில் கரைந்திருப்பவற்றில் சில தொட்டியில் பாசிக்கு உரமாகிவிடும், அது வேண்டாம்.

கல்லுப்பும் கூடாது. உப்பளத்தில் கடல்நீரைக் காய்ச்சும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே படிந்து பிரிந்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்புநீரோடு மக்னீசியம் வெளியேற்றப்படுகிறது. நடுவில் கிடைப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. பவளம் தன் கூட்டைக் கட்டத் தேவையான பொருள்கள் நீக்கப்பட்ட உப்பு அது. தொண்டிக் கடலிலிருந்து கேனில் நீர் பிடித்துத் தருகிறேன் என்று ஒரு வேன்காரர் வருவார்; அவரையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாக்கு விரிகுடாவின் கரையோர நீர் ஆழமற்றது, வண்டல் கலந்தது, மழைக்குப் பின் உப்பு குறைந்தது. படகுகளின் டீசல் வேறு.

மான்கொம்புப் பவளத்துக்கு வந்தது வேறு காரணத்தால். பவளத்தின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை சமைக்கும் உணவில்தான் பவளம் பிழைக்கிறது. நிறமும் பெருமளவு அவற்றால் வருவதுதான். நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. 2010, 2016 ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் பெருமளவில் இப்படி வெளிறின. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்த நிலை என்றால், சித்திரை வெயில் விழும் முற்றத்தை ஒட்டிய 150 லிட்டர் நீர் என்ன செய்யும்? தொட்டி 25 அல்லது 26 டிகிரியில் இருக்க வேண்டும். உங்களுடையது 32-ஐத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். தொட்டியை வீட்டின் இரண்டாம் கட்டுக்கு அடுத்த உள்ளறைக்கு மாற்றுங்கள். நம் முன்னோர் கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் வைத்துக் கட்டிய அறைகள் வெயிலுக்கென்றே கட்டப்பட்டவை. நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் வற்றுவதும் கூடும், ஆகவே கண்ணாடிக் கோட்டின்மேல் கண் இருக்க வேண்டும். விளக்கு எட்டு மணி நேரம் போதும். மின்சாரம் நிற்கும்போது விளக்கு அணைந்தால் கேடில்லை. நீரோட்டம் நின்றால்தான் மூச்சு முட்டும். இன்வெர்ட்டரில் நீரைச் சுழற்றும் மோட்டாரை மட்டும் இணைத்து வையுங்கள்.

வெளிறியது என்றால் இறந்தது என்று பொருளில்லை. இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கிளைகளின்மேல் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய சதையும், நுனிகளில் மயிரிழை போன்ற உணர்கொம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. சூடும் உப்பும் சீரானால் சில வாரங்களில் நிறம் திரும்பத் தொடங்கலாம். பழுப்புப் பாசி பஞ்சுபோலப் படர்ந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. மெத்தென்ற பவளம் மேலே மெழுகு போன்ற ஆடையை உரிக்கும் நாள்களிலும் சுருங்கிக் கிடக்கும். தொட்டுப் பார்க்காதீர்கள், தேய்க்காதீர்கள்.

இனி, எழுதத் தயங்கியும் எழுதாமல் இருக்க முடியாத செய்தி. அந்த மான்கொம்புப் பவளத்தை உங்கள் மகனுக்கு விற்றிருக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், சுண்ணாம்புக் கூடு கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001-இல் சேர்க்கப்பட்டன; உங்கள் மான்கொம்புப் பவளமும் அவற்றில் ஒன்று. தண்டனை மூன்றாண்டு முதல் ஏழாண்டுச் சிறை. வளர்ப்புப் பண்ணையில் வந்தது, வெளிநாட்டிலிருந்து இறங்கியது என்று தரகர்கள் வாயால் சொல்வார்கள். இறக்குமதி அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்டால் கைப்பேசியை அணைத்துவிடுவார்கள். ராமேசுவரத்தை அடுத்த கடற்கரை ஊரைச் சொல்லி, 'நேரே மண்டபத்திலிருந்து வருகிறது' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், 21 தீவுகளைக் கொண்ட, 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்காவிலிருந்து திருடியதை விற்கிறேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மெத்தென்ற தோல்பவளம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை என்றாலும், அதற்கும் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

இதில் எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது. எவையெல்லாம் அட்டவணையில் உள்ளவை என்பதைப் படத்துடன், தமிழில், ஒற்றைத் தாளில் அச்சிட்டு அலங்கார மீன் கடைகளில் ஒட்டச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு நானே எழுதியிருக்கிறேன். வேறோர் அலுவலகத்தை அணுகுமாறு எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சட்டம் கடுமையாக இருப்பதில் தவறில்லை. விற்றவரை விட்டுவிட்டு, ஏமாந்து வாங்கியவர் பயத்தில் அதை ஊருணியில் வீசும் நிலையை உண்டாக்கி வைத்திருப்பதுதான் தவறு.

நீங்கள் வீசாதீர்கள். மகனிடம் கடையின் ரசீதையும் பணம் அனுப்பிய விவரத்தையும் கேட்டு வாங்கி, அறியாமல் வாங்கியது என்பதைக் குறிப்பிட்டு, வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டிவிடுங்கள். அதுவரை அந்தப் பவளம் உங்கள் பொறுப்பில் உயிரோடு இருக்கட்டும். தொட்டியை இன்றே உள்ளறைக்கு மாற்றச் சொல்லுங்கள். கருவி கைக்கு வந்ததும், காலை, மாலை இரு வேளையும் வெப்பத்தையும் உப்பளவையும் ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து, ஏழு நாள் கழித்து எனக்கு அனுப்புங்கள். மெத்தென்ற பவளத்தின் படத்தையும் பகல் வெளிச்சத்தில், நீல விளக்கை அணைத்துவிட்டு, எடுத்து அனுப்புங்கள்.