வாயைக் கட்டுதல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தங்கைக்கு 34 வயது. எடை 98 கிலோ வரை போய்விட்டது, சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. டாக்டர் வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் செமாகுளூடைட் ஊசி எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் 12 கிலோ குறைந்துவிட்டாள். முன்பு ஆறு இட்லி சாப்பிட்டவள் இப்போது இரண்டில் எழுந்துவிடுகிறாள். எனக்கு இது குறுக்கு வழியாகத்தான் தெரிகிறது. ஊசி கொழுப்பைக் கரைக்கிறது, அவளுக்கு ஒரு உழைப்பும் இல்லை. வாயைக் கட்டத் தெரியாதவர்கள் காசு கொடுத்துக் கட்டுப்பாட்டை வாங்குகிறார்கள். அரிசி, கோதுமையை விட்டு கறி, முட்டை, காய்கறி என்று சாப்பிடும் பேலியோ இதற்கு மேல் இல்லையா? மருந்து கம்பெனிகளின் வியாபாரம்தானே இது? முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும்: ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி வருமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

‘வாயைக் கட்டத் தெரியாதவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊசிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து என் மனம் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு பேச்சைத்தான். அதனால் உங்கள் மற்ற கேள்விகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ஊசி கொழுப்பைக் கரைப்பதில்லை. நாம் சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினைத் தூண்டுவதும் போதும் என்று மூளைக்குச் சொல்வதும் அதன் வேலைகள். ரத்தத்தில் இரண்டு நிமிடத்திலேயே அதில் பாதி அழிந்துவிடும். அதன் சாயலில் செய்யப்பட்ட செமாகுளூடைட் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகிறது, அதனால்தான் வாரத்துக்கு ஒரு ஊசி. பசி அடங்குகிறது, உங்கள் தங்கை குறைவாகச் சாப்பிடுகிறார், எடை இறங்குகிறது. குறைவாகச் சாப்பிடு என்றுதானே இத்தனை வருஷமும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? இப்போது சாப்பிடுகிறார். அதிலும் குறையா?

நீங்கள் எழுதிய இட்லிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறு சாப்பிட்டவரும் இரண்டில் எழுந்தவரும் ஒரே பெண். அதே குணம், அதே வளர்ப்பு, அதே மன உறுதி. மாறியது ஒரு ஹார்மோனின் செய்தி மட்டும். அப்படியானால் முன்பு அவரிடம் குறைவாக இருந்தது எது? ஒழுக்கமா? இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது இட்லியை நீங்கள் வேண்டாம் என்று தள்ளும்போது அதை உங்கள் நல்ல குணம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் குடல் நேரத்துக்குச் செய்தி அனுப்புகிறது, மூளை கேட்டுக்கொள்கிறது. அதில் உங்கள் சாமர்த்தியம் எவ்வளவு?

எனக்கு ஒரு சித்தி இருந்தார். கூட்டுக் குடும்பம், சித்திக்குப் பருத்த உடம்பு. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை சோறு கேட்கமாட்டார். கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கொள்ளுக் கஞ்சி, விடிகாலையில் வெந்நீரும் தேனும், செவ்வாய் வெள்ளி விரதம் என்று யார் எதைச் சொன்னாலும் செய்வார். கொஞ்சம் இறங்கும், பிறகு முன்பைவிட ஏறும். “ஒளிச்சு வச்சுத் திங்கிறா, இல்லாட்டி இப்படி ஊதுமா?” என்று பாட்டி எல்லார் முன்னாலும் சொல்வார். சித்தி பதில் பேசாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் அவரளவு மனத்தை அடக்கிப் பசியோடு கிடந்தவர் வேறு யாருமில்லை. அந்தப் பழியோடுதான் செத்தார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

சித்தியின் உடம்புக்குள் நடந்ததை ஆராய்ச்சிகள் எப்போதோ சொல்லிவிட்டன. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். யாரும் குண்டு இல்லை, எல்லாரும் விரும்பி வந்தவர்கள். எடையில் கால் பங்கு போனது. உடம்பு எரிக்கும் சக்தியைச் சுருக்கிக்கொண்டது. அவர்களுக்கோ சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை, சமையல் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார்கள். 2011இல் ஆஸ்திரேலியாவில் 50 பேரோடு தொடங்கிய ஓர் ஆய்வில் பத்து வாரக் கடும் பத்தியத்தில் சராசரியாக 13.5 கிலோ குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தாலும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் அடங்கவில்லை. 2016இல் வந்த இன்னொரு ஆய்வு, தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தது. இழந்ததில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அப்போதும் அவர்கள் உடம்பு, சும்மா இருக்கும் நேரத்தில், எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது.

எடை இறங்கினால் உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியை ஏற்றுகிறது, செலவைக் குறைக்கிறது. வாயைக் கட்டு என்று சொல்கிறவர்கள், இந்த இரண்டோடும் சாகும்வரை மல்லுக்கட்டு என்றுதான் சொல்கிறார்கள். தாங்கள் ஒரு நாள்கூட அதைச் செய்யாமலே சொல்கிறார்கள்.

பேலியோ உங்களுக்கு ஒத்துவந்தால் சந்தோஷம், தங்கைமேல் திணிக்காதீர்கள். கம்பெனிகள் வியாபாரம்தான் செய்கின்றன. பிரஷர் மாத்திரையும் வியாபாரம்தான், அதை யாரும் குறுக்கு வழி என்பதில்லை.

சரி, உங்கள் கேள்வி. ஆமாம், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். செமாகுளூடைட்டின் பெரிய சோதனை ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. மருந்து போனதும் பழைய பசி வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அப்படி ஏறினால் முதலில் பேசப்போவது நீங்கள்தான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. தயவுசெய்து பேசாதீர்கள்.

உதவ வேண்டுமென்றால் வேறு வேலை இருக்கிறது. குறையும் எடையில் தசையும் சேர்ந்தே போகும். இரண்டு இட்லிதான் இறங்குகிறது என்றால் கூட முட்டையோ சுண்டலோ இருக்கட்டும், எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். குமட்டலும் மலச்சிக்கலும் சகஜம். விடாத கடும் வயிற்றுவலி வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அது கணையமாகவோ பித்தப்பையாகவோ இருக்கலாம். ஊசியை நிறுத்துவதா, தொடர்வதா, அளவைக் குறைப்பதா என்பதை டாக்டரும் அவரும் பேசி முடிவு செய்யட்டும். அவர் கூப்பிட்டால் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள்.