பாளையங்கோட்டைத் தம்பிக்கு, தயிர் பற்றி

தம்பி, ஜனவரியில கனடாவுக்கு, இந்த பிராம்ப்டனுக்குக் குடிவாரதா எழுதியிருக்கே, சந்தோஷம். நாலு கேள்வி கேட்டிருக்கே. மிக்ஸி கொண்டு வரலாமா, குளிர் சட்டை எங்க வாங்க, வங்கிக் கணக்கு எப்பத் தொடங்க, கடைசியா, "ஸ்லோ குக்கர்ல, அதான் மணிக்கணக்கா மெதுவா வேக வைக்கிற கரண்ட் சட்டியில, தயிர் நல்லா உறையும்னு சொல்லுதாங்களே, நெசமா அண்ணாச்சி?" முதல் மூணுக்கும் சுருக்கமாச் சொல்லுதேன். இங்க கரண்ட் 120 வோல்ட், நம்ம ஊர் மிக்ஸி ஒழுங்கா ஓடாது. சட்டை இங்க வந்து வாங்கு. வங்கிக்கு நேர்ல போனா அவங்களே சொல்லுவாங்க. தயிரைப் பத்தித்தான் நான் பேசணும்.

நானும் ஒரு ஜனவரியிலதான் வந்தேன், 2008ல. சொந்த ஊர் தென்காசிப் பக்கம் கடையம். இங்க பேஸ்மென்ட்ல ஒரு அறை. வந்த ரெண்டாம் நாள் பால் காய்ச்சி, கடைத் தயிர் ஒரு கரண்டி விட்டு மூடி வச்சுட்டுப் படுத்தேன். விடிஞ்சு பாத்தா பால் பாலாவே இருக்கு. மறுநாளும் அப்படித்தான். பிறகு கடைத் தயிரையே சோத்துல விட்டுப் பிசைஞ்சேன். ஜெலட்டின் போட்டுக் கட்டியாக்குன தயிர். சோத்தோட சேராம திட்டுத் திட்டா நிக்கும்.

நீ பாளைக்காரன். சித்திரை வெயில்ல அங்க தயிர் தன்னால உறையும், கொஞ்சம் அசந்தா புளிச்சிரும். தென்காசிப் பக்கத்து ஆளுகளுக்குத்தான் தயிரோட அருமை தெரியும். ஆனி ஆடியில சாரல் அடிக்க ஆரம்பிச்சா எங்க ஆச்சி உறை ஊத்துன சட்டியைப் பழைய வேட்டியில சுத்தி அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வப்பா. காலையில அவ சட்டியை வெளிய எடுக்கையில வேட்டி மடிப்புல இருந்து அரிசி பொலபொலன்னு கொட்டும். அதைப் பொறுக்குறது என் வேலை. இங்க வீட்டுக்குள்ள 20 டிகிரி, வருஷம் பூரா சாரல் காலம்னு வச்சுக்கோ. ஸ்லோ குக்கரோட கனத்த பீங்கான் சட்டியும் அந்த அரிசிப் பானை மாதிரிதான், சூட்டை லேசில விடாது.

இங்க பால் 4 லிட்டர், மூணு பையாப் பிரிச்சு விப்பாங்க. 3.25 சதவீதக் கொழுப்புள்ள பாலை வாங்கு. ஒரு சதவீதப் பாலை வாங்கிட்டு, இந்த ஊர்த் தயிர் தண்ணியா இருக்குன்னு இருபது வருஷமாப் புலம்புற நம்ம ஆளுக எத்தனையோ பேர். எனக்கு அது ஆகவே ஆகாது. ஒரு பையும் பாதியும் சேர்த்து ரெண்டு லிட்டர் ஊத்தி, "லோ"ல ரெண்டரை மணி நேரம் விடு. 82 டிகிரிக்கு வரணும். பாக்கெட் பால் ஏற்கெனவே காய்ச்சுனதுதானேன்னு இதை விட்டுராதே. அந்தச் சூட்டுலதான் பாலோட புரதம் அவிழ்ந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தயிர் தண்ணி விடாம நிக்கும். பிறகு அணைச்சு, மூடி போட்டபடி மூணு மணி நேரம் ஆற விடு. 45 டிகிரிக்கு இறங்குனதும், ரெண்டு மூணு கரண்டி உறைத் தயிரை ஒரு கப் பால்ல கரைச்சு ஊத்து. கனத்த துண்டால சட்டியைச் சுத்தி எட்டு மணி நேரம் ஆட்டாம வை.

இதுல ஒரு இடத்துல எல்லாரும் கெடுத்துக்கிடுதாங்க. கதகதப்பா இருக்கட்டும்னு "வார்ம்"ல போட்டுருவாங்க. அது சோறு குழம்பு கெடாம இருக்கக் குடுக்குற சூடு, 60 டிகிரிக்கு மேல போகும். தயிரை ஆக்குற நுண்ணுயிர் 40, 45 டிகிரியில செழிக்கும், அந்தச் சூட்டுல செத்துரும். உறை ஊத்துன பிறகு கரண்ட் வேண்டவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிரு.

இன்னொண்ணு, ஆற வைக்க அவசரப்படாதே. எனக்கு முதல்ல குக்கர் குடுத்தது மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா, இரவலா. மூணு மணி நேரம் காத்திருக்கப் பொறுமையில்லாம, கொதிச்ச சட்டியோட பின்படிக்கட்டுல பனி மேல கொண்டு வச்சேன். ‘டப்’புன்னு ஒரு சத்தம். சட்டி நெடுக விரிஞ்சு, ரெண்டு லிட்டர் பாலும் பனியில இறங்கிருச்சு. கையில காசில்லாத மாசம். அவங்க முகத்துல எப்படி முழிப்போம்னு ரெண்டு நாள் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வேலைக்குப் போனேன். மூணாம் நாள் அவங்களே கதவைத் தட்டி, ஒரு ஜாம் பாட்டில் நிறைய உறைத் தயிரை நீட்டி, "இந்தாரும் தம்பி, இனி ஆறுதலாச் செய்யும்"னாங்க. ஆறுதலான்னா அவங்க பேச்சுல நிதானமான்னு அர்த்தம். சட்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. இலங்கைத் தமிழர் நம்மகிட்ட ஒட்ட மாட்டாங்கன்னு இங்க உனக்கும் யாராவது சொல்லுவாங்க. நம்பாதே.

முதல் சம்பளத்துல அவங்களுக்குப் புதுக் குக்கர் வாங்கிக் குடுத்தேன், எனக்கும் ஒண்ணு. அந்த உறையை வாரம் ரெண்டு தடவை ஊத்தி ஊத்தி இன்னைக்கு வரைக்கும் விடாம வச்சிருக்கேன். போன மாசம் அவங்க வீட்டு உறை கெட்டுப்போயி, எங்கிட்டதான் வாங்கிட்டுப் போனாங்க.

நீ வந்து இறங்குனதும் போன் பண்ணு, ஒரு பாட்டில் உனக்கும் தாரேன். ஊர்ல இருந்து வரும்போது கல்லிடைக்குறிச்சி அப்பளம் ரெண்டு கட்டு போட்டுக்கிட்டு வா.