தீபாவளி வாழ்த்து அட்டையைக் கையால் செய்து, பெயரை அலங்கார எழுத்தில் எழுதுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், சொந்தக்காரர்களுக்கு முப்பது அட்டை செய்ய வேண்டும், பிரஷ் பேனாவில் எழுதினால் மை பரவுகிறது, எழுத்தும் பார்க்கச் சகிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மை பரவுவது காகிதக் கோளாறு. எழுத்து சரியாக வராததற்குக் காரணம், ஆங்கில எழுத்துக்குச் சொல்லித் தரும் முறையை அப்படியே தமிழுக்குப் போடுவது.

முதலில் காகிதம். 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை கனமுள்ள, பளபளப்பில்லாத அட்டை போதும். பட்டணத்து ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சில மணிலா அட்டைகள் மையை உறிஞ்சி நார் வழியே பரப்பிவிடும். ஆகவே மொத்தமாக வாங்காமல் ஒரே ஒரு தாள் வாங்கி, ஓரத்தில் சின்னதாக ஒரு 'ண' எழுதிப் பாருங்கள். ஓரம் பிசிறடித்தால் அந்த அட்டை வேண்டாம். பளபளப்பான அட்டையில் இதற்கு நேர்மாறாக நடக்கும்: மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், கை பட்டால் இழுபடும். அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மழை வேறு. காற்றின் ஈரத்தைக் காகிதம் குடித்துக்கொள்ளும் என்பதால் வெட்டிய அட்டைகளை ஜிப் பைக்குள் வைத்திருங்கள்.

ஏ5 தாளை (148 × 210 மி.மீ.) எடுத்து, நீளவாக்கில் 105 மி.மீ.யில் கோடு கிழித்து மடித்தால் ஏ6 அட்டை வரும். 114 × 162 மி.மீ. உறைக்குள் சரியாக உட்காரும். மடிப்பு வெடிக்கிறதென்றால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். பெரிய தாளை வெட்டும் முன் இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கம்தான் மடிப்பு வர வேண்டிய பக்கம். மை தீர்ந்துபோன பேனாவால் அளவுகோலை ஒட்டி அழுத்திக் கோடு போட்டு, அந்தப் பள்ளம் வெளிப்பக்கம் வரும்படி மடியுங்கள்.

இனி எழுத்து. கீழே இறங்கும் கோடு தடிமன், மேலே ஏறும் கோடு மெல்லிசு என்ற பிரஷ் பேனா விதி தமிழில் சுழியிலேயே திணறும். தமிழுக்குப் பட்டை முனைப் பேனாதான் என் தேர்வு. 2 மி.மீ. முனை, எழுதும் வரிக்கு 30 பாகைச் சாய்வு. சுழி சுற்றும்போதும் பேனாவைத் திருப்பக் கூடாது, சாய்வு மாறாமல் கைதான் சுற்ற வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்தின் உடல் உயரம் (மேலும் கீழும் நீளும் பகுதி சேராமல்) முனை அகலத்தைப் போல் ஐந்து மடங்கு என்பார்கள். தமிழில் ஏழு, எட்டு மடங்காவது வேண்டும், அதாவது 14 முதல் 16 மி.மீ. அதற்குக் குறைந்தால் சுழி அடைபட்டு, மூன்று சுழி 'ண' இரண்டு சுழி 'ன' ஆகிவிடும். கண்ணனைக் கன்னன் என்று வாழ்த்தினால் நன்றாகவா இருக்கும்?

வளைவு அலங்காரத்தில் கை வைக்கும்போது கவனம் இதைவிட அதிகம் வேண்டும். துணைக்காலின் அடியில் வால் இழுத்தால் அது 'ர' ஆகிவிடும். 'ி' மேலே ஒரு சுருள் கூடினால் நெடில். புள்ளிக்குப் பதில் பூ வைக்கலாம், ஆனால் புள்ளி இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.

'தீபாவளி' என்ற சொல் நமக்கு வாகாக அமைந்திருக்கிறது. 'தீ'யும் 'ளி'யும் இரு ஓரத்திலும் தலை தூக்கி நிற்க, நடுவில் 'பாவ' தாழ்ந்து கிடக்கும். விளக்கோ சின்னப் புள்ளிக் கோலமோ அந்தப் பள்ளத்துக்குள் போகட்டும், வேறு எங்கும் தேவையில்லை. அடுத்த வரி 'நல்வாழ்த்துகள்' என்றால் 'ழ்', 'து' இரண்டும் கீழே இறங்கும். அதற்குக் கீழே பெயர் எழுத இடைவெளியைக் கூட்டி விடுங்கள்.

பெயரை நேராக அட்டையில் எழுதாதீர்கள். கழிவுத் தாளில் எழுதி அகலம் அளந்து, அட்டையை அதன்மேல் வைத்து நடுக்கோட்டைப் பொருத்தி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, 2எச் பென்சிலால் மெல்லிசாக நகலெடுங்கள். 250 ஜிஎஸ்எம்மில் வெளிச்சம் ஊடுருவாவிட்டால், எழுதிய தாளின் பின்புறம் 2பி பென்சிலைத் தேய்த்து, அட்டையின் மேல் வைத்து, முன்பக்கம் அழுத்தி வரைந்தால் கோடு அட்டையில் இறங்கும். கார்பன் தாள் வேண்டாம், அந்தக் கறை அழியாது. நீளமான பெயரை 'கோகில' / 'வாணி' என்று சொல் பிரியும் இடத்தில் இரண்டு வரியாக்கலாம். பென்சில் கோட்டின்மேல் மையில் எழுதியபின், அழிப்பான் போடுவதற்கு முன் கால் மணி நேரம் காயட்டும், மழை நாளில் அரை மணி நேரம்.

தாத்தா பாட்டிக்கு என்றால் ஒரு யோசனை. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் 'ணா' (துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்தது), 'லை' (தும்பிக்கை போல் வளைவு சேர்ந்தது) எழுதிக் கொடுங்கள். 'அண்ணாமலை' என்ற பெயரில் இரண்டுமே வருகின்றன. அவர்கள் படித்த எழுத்து அதுதான், அழகிலும் குறைவில்லை. பிள்ளைகளுக்கு வேண்டாம், வாசிக்கத் திணறுவார்கள்.

முப்பது அட்டைக்கும் பொதுவான படத்தை ஒருமுறை வரைந்து போட்டோஸ்டேட் கடையில் அட்டையிலேயே நகல் எடுத்துக்கொண்டு, பெயரை மட்டும் கையால் எழுதலாம். கனமான அட்டை அவர்கள் இயந்திரத்தில் போகுமா என்று முதலில் கேளுங்கள். நகலின் கறுப்புப் பொடி ஒருவகை பிளாஸ்டிக், அதன்மேல் தங்க நிற ஜெல் பேனா ஒட்டாமல் வழுக்கும். பெயருக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள். அட்டைக்குள் தனித் தாள் வைப்பதென்றால், அதை வெள்ளைப் பசையால் ஒட்டினால் தண்ணீர் பட்டு அட்டை நெளியும். இரட்டைப் பக்க டேப்பை மடிப்பை ஒட்டி ஒரே ஒரு பட்டையாகப் போட்டால் போதும்.