ஆசிரியர், மாணவர் இரு தரப்புக்கும் நியாயமான, நீடித்து நடத்தக்கூடிய இணையவழிக் கல்வியை எப்படி வடிவமைப்பது?

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் நேரலை வகுப்பை ஓரமாக வையுங்கள். என் பதிலில் முக்கால்வாசி இதுதான். மீதி, ஏன் என்ற விளக்கம்.

இணையவழிக் கல்வி என்றதும் எல்லோரும் கருவி இல்லாததைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது பொய்யில்லை. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், இணைய வசதி இருந்த கிராமப்புற வீடுகள் 15 சதவீதம்கூட இல்லை. இப்போது எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஒரு ஆண்ட்ராய்டு போனாவது இருக்கிறது. ஆனால் அது காலை ஏழரைக்கு அப்பாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விடும், வீடு திரும்ப இரவு எட்டாகும். அப்புறமும் பன்னிரண்டாவது படிக்கிற அண்ணன்தான் முதலில் எடுப்பான். ஒன்பதாவது படிக்கிற தங்கச்சிக்குக் கிடைப்பது பத்து மணிக்கு மேல், சார்ஜ் இருந்தால். பகல் பதினொரு மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட் விழும். அவள் செய்த தப்பு என்ன?

இணையவழிக் கல்விக்கென 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் இரண்டு அமர்வுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்றது. பிள்ளைகளின் கண்ணுக்கு நல்ல வரம்புதான். ஆனால் அந்த நேரத்தில் போன் வீட்டில் இருக்குமா என்பதற்கு எந்த நிமிடக் கணக்கும் பதிலாகாது.

சரி, எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி இருக்கிற பொருள் எது? விலையில்லாப் பாடநூல். அதற்கு சார்ஜ் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். 2018-க்குப் பிறகு வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடும் உண்டு. ஆகவே பாடத்தைப் புத்தகத்தின் மீது கட்டுங்கள், இணையம் அதற்குத் துணையாக வரட்டும். 'இந்தப் பக்கத்தை எடு, இந்தப் படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது பார்' என்று பத்து நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் இரண்டு மூன்று எம்பிக்குள் முடிந்துவிடும். நாற்பது நிமிட வீடியோ அழைப்போ சில நூறு எம்பியை விழுங்கும். தினசரி டேட்டாவை அண்ணன் தீர்த்துவிட்ட வீட்டிலும் குரல் பதிவு எப்படியாவது இறங்கிவிடும். இரவு கேட்கலாம், மறுபடியும் கேட்கலாம். பார்வையற்ற பிள்ளைக்குப் படத்தை வாயால் விவரிக்க வேண்டும், காது கேளாத பிள்ளைக்கு அதையே எழுத்தில் அனுப்ப வேண்டும். இதை முதலிலேயே பழக்கமாக்கிக்கொண்டால் கூடுதல் வேலையாகத் தெரியாது.

இனி ஆசிரியர். பலரும் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள், திட்டங்கள் படுத்துவிடுவதும் இங்கேதான். கொரோனா காலத்தில் நாற்பது பிள்ளைகளின் வீட்டுப்பாடம் போட்டோவாக வரும். பாதி கலங்கல், பாதி தலைகீழ். ஐந்தங்குலத் திரையில் அதைப் பெரிதாக்கித் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த வகுப்புப் பிள்ளைகளின் போட்டோக்கள் வந்து விழும். இதற்கு நடுவே எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலை வேறு. போனும் ரீசார்ஜும் சொந்தக் காசு. ஆசிரியைகள் சிலருக்கு இன்னொரு தொல்லை: வகுப்புக் குழுவில் எண்ணைக் கொடுத்ததால் இரவு பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்புகள். பள்ளிக்கென்று ஒரு சிம் கார்டு வாங்கித் தருவது அப்படியொன்றும் பெரிய செலவில்லை.

நான் கேட்பதெல்லாம், மாலை நேர சந்தேக வகுப்பையும் பணிநேரமாகக் கணக்கிடுங்கள் என்பதுதான். வாரம் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் போதும். அதற்கு ஈடாகப் பகலில் இரண்டு பாடவேளையைக் குறைக்க வேண்டும். எல்லாப் பாடத்தையும் ஒவ்வொருவரும் புதிதாகப் பதிவு செய்வதும் வீண்வேலை. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் இருக்கின்றன, 2023-இல் வந்த மணற்கேணி செயலியில் விளக்கப் படங்கள் இருக்கின்றன. விளக்கத்தை அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, கேள்விகளை மட்டும் அந்தந்த வகுப்பு ஆசிரியர் போட்டால் போதும். தன் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

திருத்துவதற்கு நோட்டுப் புத்தகமே மேல். 2020-இல் சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்கள். அப்படி ஒரு நாள் அமைந்தால், எழுதிய நோட்டைக் கொடுத்துவிட்டுத் திருத்திய நோட்டை வாங்கிப் போகச் சொல்லலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு இணையம் அவ்வளவாக உதவாது என்பது என் அபிப்பிராயம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, தன்னார்வலர்கள் தெருவிலேயே மாலை வகுப்பு எடுத்தார்களே, அந்த வயதுக்கு அதுதான் சரி.

உங்கள் பள்ளியில் தொடங்கப் போகிறீர்கள் என்றால், செயலி எது என்று யோசிப்பதற்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? வந்ததும் யார் கைக்குப் போகும்? மாதத்தில் எத்தனை நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும்? கால அட்டவணையை அதற்கப்புறம் போடுங்கள்.