ஜெர்மன் கிராமத்தில் ஒரு வாரம்: எந்தப் பக்கம் போகலாம்?

கேள்வி: பிராங்பர்ட்டில் இருக்கிறோம். ஜூலையில் ஒரு வாரம் கிராமப் பக்கம் போய்த் தங்க ஆசை. நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் என்று ஐந்து பேர். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, முட்டைகூடச் சேர்க்காத சைவம். எங்களிடம் கார் இல்லை. ஆல்ப்ஸ் அடிவாரம், வடக்கே ஏரிகள், மோசல் ஆறு, பிளாக் ஃபாரஸ்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்களுக்கு எது சரிப்படும்?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சரிப்படுவது, தென்மேற்கு ஜெர்மனியின் காட்டு மலைப் பகுதியான பிளாக் ஃபாரஸ்டின் தெற்குப் பக்கம், அதிலும் ஹின்டர்ட்ஸார்ட்டன் என்ற ஊர். ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், தரைத்தளத்தில், சமையலறையோடு ஒரு வீடு எடுங்கள். ஏழு இரவும் அதே வீட்டில் தங்குங்கள்.

ஒரே வீடு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வாரம் என்பது நாம் நினைப்பதைவிடச் சின்னது. இங்கே விடுமுறை வீடுகளை, ஜெர்மன்காரர்கள் ஃபேரியன்வோனுங் என்பதை, கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். போய்ச் சேரும் சனிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் சாவி கிடைக்கும். கிளம்பும் சனிக்கிழமை காலையிலேயே காலி செய்ய வேண்டும். போய்ச் சேர்ந்த மறுநாள் ஞாயிறு, கடைகள் மூடியிருக்கும். நடுவில் ஒரு நாளாவது மழை பிடிக்கும். கையில் நிற்பது நான்கைந்து நாள்தான். பல வருடங்களுக்கு முன் நான் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் மூன்று ஊர் சுற்றினேன். அம்மா அந்த வாரத்தில் பாதியைப் பெட்டி கட்டுவதிலும் பிரிப்பதிலும் கழித்தார். ஒரு நாள் மாலைகூட வாசலில் நிம்மதியாக உட்காரவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரே இடம் என்றுதான் சொல்கிறேன்.

ஊரை முடிவு செய்ய எனக்கு ஒரு வழி உண்டு. குடும்பத்தில் யாருக்கு நடை குறைவோ, அவர் ஒரு சாதாரணக் காலையை அங்கே எப்படிக் கழிப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன். மற்றவர்கள் மலை ஏறட்டும், நீந்தட்டும். அவர் துணையில்லாமல் வீட்டை விட்டு இறங்கி, சமதளத்தில் கொஞ்சம் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பி வர முடியுமா? முடியும் என்றால் அந்த ஊர் எல்லோருக்கும் ஆகும். அப்புறம்தான் கார் இல்லாமல் எப்படிச் சுற்றுவது, மழை நாளில் எங்கே போவது என்ற கேள்விகள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பார்ப்போம்.

ஆல்ப்ஸ் அடிவாரத்து ஆல்கொய் பகுதி, அழகில் ஜெர்மனியிலேயே முதல் வரிசை. அங்குள்ள ஓபர்ஸ்ட்டார்ஃப் ஊரில் இருந்து 2,224 மீட்டர் உயர நெபல்ஹார்ன் உச்சி வரை கேபிள் காரிலேயே போகலாம், முழங்கால் வலி அங்கே தடையே இல்லை. ஆனால் அங்கே மழை அதிகம் பெய்வதே கோடையில்தான். வடக்கிலிருந்து வரும் மேகம் மலைச்சுவரில் முட்டி நின்றுவிடும், சில சமயம் இரண்டு மூன்று நாள் நகராது. நல்ல நடைக்காரர்கள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு பள்ளத்தாக்கில் நடப்பார்கள். நான்கு வயதுப் பிள்ளையோடும் மாமியாரோடும் நீங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மலைக்கும் கேபிள் கார் டிக்கெட் எடுத்தால் செலவும் ஏறிக்கொண்டே போகும்.

வடக்கே மெக்லென்பர்க் ஏரிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்த இடம். நடுவில் இருக்கும் மியூரிட்ஸ் ஏரி 117 சதுர கிலோமீட்டர், முழுக்க ஜெர்மனிக்குள் அடங்கும் ஏரிகளில் அதுதான் பெரியது. நிலம் பெரும்பாலும் தட்டை, சைக்கிளுக்குச் சுகம். பீச் மரக் காடும், மீன் பிடிக்க இறங்கும் கடற்கழுகும் பார்க்கலாம். நீங்கள் பெர்லினிலோ ஹாம்பர்கிலோ இருந்திருந்தால் யோசிக்காமல் அங்கே போகச் சொல்லியிருப்பேன். பிராங்பர்ட்டிலிருந்து பெர்லின் போய் மாறிப் போக ஒரு நாளே ஆகிவிடும். திரும்ப இன்னொரு நாள்.

மோசல், சைக்கிள் மிதிக்கும் இரண்டு பெரியவர்களுக்கான இடம். புல்லை என்ற ஊரைத் தாண்டியதும் ரயில் பாதை ஆற்றை விட்டு விலகிவிடும். எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படும் பெர்ன்காஸ்டலுக்கு பஸ்தான். திராட்சைக்குத் தோதாகச் செங்குத்தான சரிவுகள் வெயிலைப் பிடித்து வைக்கும் பள்ளத்தாக்கு அது. உச்சிவெயிலில் பிள்ளைகளைச் சமாளிப்பது கஷ்டம். பெர்லின் பக்கத்து ஷ்ப்ரேவால்டில் கழி ஊன்றித் தள்ளும் தட்டைப் படகில் கால்வாய்களுக்குள் போவது அருமையான அனுபவம், ஆனால் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். வட கடலோரம் என்றால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: தினமும் இரண்டு முறை கடல் பின்வாங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுவெளியாகிவிடும். 2009-இல் யுனெஸ்கோ அதை உலக இயற்கைப் பாரம்பரியமாக அறிவித்தது. அதைப் பார்க்கப் போனால் மனம் நிறையும். அலையில் குளிக்கப் போனால் ஏமாற்றம்தான்.

இனி ஹின்டர்ட்ஸார்ட்டன். பிராங்பர்ட்டிலிருந்து மலையடிவார நகரமான ஃப்ரைபுர்குக்கு ஐசிஇ என்ற விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமே பயணத்தின் நல்ல பகுதி, பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். சொர்க்கம் என்று பொருள்படும் ஹிம்மெல்ரைஹ் நிலையம் முதலில் வரும். அதைத் தாண்டினால் நரகப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் ஹொல்லென்டால். பாறைகள் இரண்டு பக்கமும் நெருங்கிவரும். 1887-இல் போட்ட பாதை இது. ஏற்றம் அத்தனை செங்குத்து என்பதால் 1933 வரை பல்சக்கரத் தண்டவாளம் வைத்துத்தான் ரயிலை ஏற்றினார்கள். ரவென்னா ஓடை மேல் 37 மீட்டர் உயரப் பாலத்தைக் கடந்து, ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இறங்குவீர்கள். பிராங்பர்ட் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் நாளில்கூட இங்கே மாலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். மாமியாருக்கு ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வையுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு இந்தப் பகுதியைப் பரிந்துரைக்க முக்கியக் காரணம் கோனுஸ் கார்டு. பிளாக் ஃபாரஸ்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. அந்த ஊர்களில் தங்குகிறவர்களுக்கு, தங்கும் நாள் முழுக்க அந்தப் பகுதியின் பஸ்ஸும் உள்ளூர் ரயில்களும் இலவசம். ஐசிஇ போன்ற நெடுந்தூர ரயில்கள் சேராது. இந்தக் கார்டைக் கடையில் வாங்க முடியாது, வீட்டுக்காரர்தான் பதிவு செய்து தருவார். அதற்கான பணம் குர்டாக்ஸ் என்ற விருந்தினர் வரியில் அடங்கியிருக்கிறது. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு மேல் வாங்குவார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு அல்லது கிடையாது. விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையோடு இதையும், கடைசியில் வீடு சுத்தம் செய்யும் கட்டணத்தையும், படுக்கை விரிப்பு துண்டுக்குத் தனியாகக் கேட்பார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மலிவாகத் தெரியும் வீடு பல நேரம் மலிவாக இருக்காது.

மாமியாரின் காலைக்கு வருவோம். ஹின்டர்ட்ஸார்ட்டன் ஊருக்குள்ளேயே ஒரு சதுப்புக் காடு இருக்கிறது, அதற்குள் மரப்பலகைப் பாதை போகிறது, ஏற்ற இறக்கம் இல்லை. ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி டிட்டிஸே ஏரி. கரையோர நடைபாதை சமதளம். ஆனால் பகல் முழுக்கச் சுற்றுலா பஸ்களில் வருகிறவர்களால் கடைத்தெரு நிரம்பிவிடும். காலை பத்து மணிக்கு முன்னோ மாலை ஐந்துக்குப் பின்னோ போனால் அதே ஏரி அமைதியாக இருக்கும். தங்க டிட்டிஸேயைச் சொல்லாமல் பக்கத்து ஊரைச் சொல்வது இதனால்தான்.

அவருக்கு இன்னொன்றும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ரயில் ஜன்னலிலிருந்து பழைய பண்ணை வீடுகளைக் காட்டுங்கள். கூரை கிட்டத்தட்ட நிலம்வரை இறங்கியிருக்கும். மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த வீடுகள். குளிர்காலத்தில் தொழுவத்தின் சூடும் மேலே அடுக்கிய வைக்கோலும் வீட்டைக் காத்தன. சரிவில் கட்டியிருப்பதால் வைக்கோல் வண்டி மேட்டுப் பக்கத்திலிருந்து நேராக மேல்தளத்துக்குள் நுழையும். மாடு கட்டிப் பழகிய வீட்டில் வளர்ந்தவர் என்றால் இதை உங்களுக்கே அவர் விளக்கிச் சொல்வார்.

பிள்ளைகளுக்கு ஷ்லுஹ்ஸே ஏரி. டிட்டிஸேயிலிருந்து கிளை ரயில் கரையை ஒட்டியே போகும். வழியில் 967 மீட்டர் உயரத்தில் ஒரு நிலையம் வரும், ஜெர்மன் ரயில்வேயின் சாதாரண அகலப் பாதை நிலையங்களில் அதுதான் உயரமானது. ஏரித் தண்ணீர் ஜூலையிலும் குளிர்ச்சிதான், முதலில் கால் நனைத்துப் பழகட்டும். வெளிச்சமான ஒரு நாளை ஃபெல்ட்பெர்குக்கு ஒதுக்குங்கள். 1,493 மீட்டர், ஆல்ப்ஸைத் தவிர்த்தால் ஜெர்மனியின் உயரமான சிகரம். அடிவாரம் வரை பஸ், அதற்கு மேல் பக்கத்து முகடு வரை கேபிள் கார். வானம் தெளிந்தால் தெற்கே ஆல்ப்ஸ் வரிசை தெரியும்.

மழை நாளில் கீழே ஃப்ரைபுர்க் போங்கள். ஜெர்மனியின் கதகதப்பான நகரங்களில் ஒன்று, மேலே பெய்யும்போது கீழே வெறித்திருக்கவும் வாய்ப்புண்டு. 116 மீட்டர் கோபுரம் கொண்ட பெரிய தேவாலயத்தைச் சுற்றி ஞாயிறு தவிர மற்ற நாள் காலையில் சந்தை கூடும். தெருவோரம் பேஹ்லே என்ற சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும், அதில் விடுவதற்கென்றே கயிறு கட்டிய மரப்படகு விற்பார்கள். உங்கள் மகன் அதைவிட்டு நகர மாட்டான்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். சைவம் என்று சொன்னால் இங்கே முதலில் நீட்டுவது சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ். அதன் மாவில் முட்டை இருக்கிறது. பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில் முட்டை மட்டுமல்ல, செர்ரிச் சாராயமும் உண்டு, பிள்ளைகளுக்கும் வேண்டாம். மாமியாருக்கு ஏற்றது பிபெலஸ்கேஸ்: நம் கெட்டித் தயிரை நினைவூட்டும் க்வார்க்கில் பச்சை இலைகளை நறுக்கிப் போட்டு, உருளைக்கிழங்கோடு தருவார்கள். உருளையைப் பன்றி இறைச்சித் துண்டோடு வதக்கும் வழக்கம் உண்டு, 'ஓனே ஷ்பெக்' என்று சொல்லிக் கேளுங்கள், பன்றிக்கொழுப்பில் வதக்குவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். வாரம் முழுக்க இதையே சாப்பிட முடியாது என்பதால்தான் சமையலறை உள்ள வீடு. பருப்பும் பொடிகளும் பிராங்பர்ட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, அடுப்பு எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வந்து இறங்கியதும் முதல் வேலை ஞாயிறுக்கும் சேர்த்துப் பாலும் காய்கறியும் வாங்குவது.

தேதி விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பள்ளி விடுமுறை வெவ்வேறு நாளில் வரும். பிளாக் ஃபாரஸ்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் வழக்கமாக ஜூலை கடைசியில்தான் தொடங்கும். உங்கள் ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு அதற்கு முன்பே தொடங்கும் வருடங்களில், ஜூலையின் முதல் மூன்று வாரம் உங்களுக்கு லாபம். ஆகஸ்டைவிட வீடு எளிதாகக் கிடைக்கும், ஏரிக்கரையில் கூட்டமும் குறைவு. ஐசிஇ டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். 15 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு இலவசம், ஆனால் மகளை டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். கோடையில்தான் தண்டவாளப் பராமரிப்பும் நடக்கும். உங்கள் தேதியில் ஹொல்லென்டால் பாதை ஓடுகிறதா, மாற்று பஸ்ஸா என்று வீடு உறுதி செய்யும் முன் பாருங்கள்.

ஒன்றே ஒன்று பயமுறுத்துவதற்காக அல்ல, கட்டாயம் செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இந்தக் காடுகளில் உண்ணி உண்டு. அது பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கு இந்தப் பகுதி ஆபத்துப் பகுதிப் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசி உண்டு, ஆனால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசியாவது போட்டால்தான் பலன், அதனால் பிள்ளைகளின் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோய்க்கு அந்த ஊசி உதவாது. புல்லில் விளையாடிய நாளில் இரவு குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், முடியோரம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் எதுவும் போடாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்தெடுங்கள்.

வீட்டுக்காரருக்கு எழுதும்போது தரைத்தளமா, வாசலில் எத்தனை படி, ஸ்டேஷன் நடந்து எத்தனை நிமிடம், வழி ஏற்றமா, கோனுஸ் தருவீர்களா என்று கேளுங்கள். பழைய வீடுகளில் மாடிக்குப் போகும் மரப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், மாமியாருக்கு அது ஆகாது. ஹின்டர்ட்ஸார்ட்டனில் தரைத்தள வீடு கிடைக்கவில்லை என்றால் மேலே வேறு ஊர் தேடி அலைய வேண்டாம். ஃப்ரைபுர்குக்கும் ஹிம்மெல்ரைஹுக்கும் நடுவே, ரயில் மலையேறத் தொடங்குவதற்கு முன், கிர்ஹ்ட்ஸார்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. கொஞ்சம் வெப்பம் அதிகம், ஆனால் ஊரே சமதளம், காலையில் அதே ரயிலில் ஏறி மேலே போய்விடலாம்.